டெஸ்க்டாப் ஷார்ட்கட்டிலிருந்து ஸ்கிரிப்டுக்கு ஆர்குமென்ட் சரியாகப் போகவில்லையா? முழுமையான வழிகாட்டி

மாங்காய் சீசன் வந்துவிட்டால் காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி பக்கம் மண்டியில் கணக்கு எழுதுகிறவருக்குக் கம்ப்யூட்டரில் கட்டளை தட்டிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. வெளியே வண்டிகள் வரிசையில் நிற்கும், விவசாயி சீட்டுக்குக் காத்திருப்பார். அதனால்தான் அங்கே டெஸ்க்டாப்பில் ஷார்ட்கட் வைத்துக் கொடுக்கிறோம். ஸ்கிரிப்ட், அதாவது கணக்குப் போடும் சிறு நிரல், ஒன்றுதான், ஷார்ட்கட் நான்கு: பெங்களூரா, செந்தூரா, மல்கோவா, நீலம். எந்த ஷார்ட்கட்டை டபுள் கிளிக் செய்கிறாரோ அந்த ரகத்தின் பெயர் ஆர்குமென்ட்டாக, அதாவது ஓட்டும்போது கூடவே கொடுக்கும் தகவலாக, ஸ்கிரிப்டுக்குப் போகும். அன்றைய கொள்முதல் கணக்கு வந்து நிற்கும்.

வேலை செய்யும்வரை இதைவிட வசதியான ஏற்பாடு இல்லை. கெட்டுப்போனால்தான் சிக்கல். கறுப்பு ஜன்னல் ஒரு கணம் வந்து மறையும், ஏன் என்று எதுவும் சொல்லாது. அதைவிட மோசமாக, பிழை எதுவும் காட்டாமல் தவறான ரகத்துக்குக் கணக்கைப் போட்டுவிடும். இந்தக் கட்டுரை பெரும்பாலும் விண்டோஸ் 10, 11 பற்றியது. ஸ்கிரிப்ட் பைத்தானிலோ, பேட்ச் ஃபைலிலோ (விண்டோஸ் கட்டளைகளை வரிசையாக எழுதிய ஃபைல்), பவர்ஷெல்லிலோ இருக்கலாம். லினக்ஸுக்கும் ஒரு பகுதி இருக்கிறது. கட்டளைகளை இங்கே ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள், குறிகளை மட்டும் அப்படியே போடுங்கள்.

முதல் வேலை: என்ன வந்து சேர்ந்தது என்று பாருங்கள்

ஷார்ட்கட்டில் நீங்கள் எழுதியது ஒன்று, ஸ்கிரிப்டின் கைக்குக் கிடைப்பது வேறொன்று. நடுவில் விண்டோஸ் ஷெல் ஒரு முறை படிக்கிறது. பேட்ச் ஃபைலாக இருந்தால் சிஎம்டி, அதாவது கறுப்பு ஜன்னலில் கட்டளைகளை ஓட்டும் விண்டோஸ் நிரல், ஒரு முறை வெட்டுகிறது. பைத்தான் தன் முறைப்படி மேற்கோள் குறிகளை நீக்கிப் பிரிக்கிறது. இந்த மூன்றில் எங்கே பிசகியது என்று தெரியாமல் மேற்கோளைக் கூட்டியும் குறைத்தும் பார்ப்பது வீண் வேலை. அதனால் எதையும் திருத்துவதற்கு முன்னால் ஒரு சோதனை ஸ்கிரிப்ட் எழுதுங்கள்.

பைத்தானில் நான்கு வரி போதும். முதல் வரி: இம்போர்ட் சிஸ், ஓஎஸ். அடுத்தது: பிரிண்ட்(சிஸ்.ஆர்க்வி). மூன்றாவது: பிரிண்ட்(ஓஎஸ்.கெட்சிடபிள்யூடி()). கடைசியாக: இன்புட்(). வந்த ஆர்குமென்ட்கள் என்னென்ன, ஸ்கிரிப்ட் எந்த ஃபோல்டரில் நின்று ஓடுகிறது என்ற இரண்டையும் இது காட்டும். என்டர் தட்டும்வரை ஜன்னல் மறையாது. பட்டியலில் பேக்ஸ்லாஷ் இரண்டு இரண்டாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், பைத்தான் அப்படித்தான் காட்டும்.

பேட்ச் ஃபைலுக்கும் இதே போல: @எக்கோ ஆஃப், அப்புறம் எக்கோ [%1], எக்கோ [%2], எக்கோ [%3], எக்கோ [%*], எக்கோ [%சிடி%], கடைசியில் பாஸ். %1 என்பது முதல் ஆர்குமென்ட், %2 இரண்டாவது, %* எல்லாம் சேர்ந்தது, %சிடி% ஸ்கிரிப்ட் நிற்கும் ஃபோல்டர். சதுர அடைப்புக்குறி எதற்கென்றால், ஆர்குமென்ட் காலியாக இருந்தால் [] என்று பளிச்செனத் தெரியும். முன்னும் பின்னும் ஒட்டிக்கொண்ட மேற்கோளும் கண்ணில் படும்.

இப்போது கெட்டுப்போன ஷார்ட்கட்டை நகலெடுத்து, நகலில் மட்டும் அசல் ஸ்கிரிப்டின் பெயருக்குப் பதிலாகச் சோதனை ஸ்கிரிப்டின் பெயரைப் போடுங்கள். அசலைத் தொடாதீர்கள். சீசன் நேரத்தில் கணக்கர் பழகிய ஷார்ட்கட்டில் கை வைத்தால் இருக்கிற வேலையும் நின்றுபோகும். நகலை டபுள் கிளிக் செய்து, வந்ததை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கீழே வரும் எல்லாம் அந்தத் தாளை வைத்துத்தான்.

டார்கெட் பெட்டியைப் படிப்பது

ஷார்ட்கட்டை ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் திறந்தால் டார்கெட் என்ற பெட்டி இருக்கும். சரியாக எழுதப்பட்டது இப்படி இருக்க வேண்டும்:

"சி:\பைத்தான்\பைத்தான்.எக்ஸ்இ" "டி:\மண்டி கணக்கு\தினக்கணக்கு.பிஒய்" "பெங்களூரா" "டி:\மண்டி கணக்கு\2025"

முதலில் ஓட்டுகிற நிரல், அடுத்து ஸ்கிரிப்ட், பிறகு ஆர்குமென்ட்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஜோடி இரட்டை மேற்கோள், இடையில் ஒரு ஸ்பேஸ். மொத்த வரியையும் ஒரே ஜோடி மேற்கோளுக்குள் போட்டால், டார்கெட்டில் உள்ள பெயர் செல்லாது என்று விண்டோஸ் சேமிக்கவே மறுக்கும். அது நல்லதுதான், உடனே தெரிந்துவிடுகிறது. மேற்கோள் போடாமல் விட்டதுதான் சத்தமில்லாமல் கெடுக்கும். "மண்டி கணக்கு" என்ற ஃபோல்டர் பெயரில் ஸ்பேஸ் இருக்கிறது, அங்கேயே வெட்டுப்பட்டு, டி:\மண்டி ஒரு ஆர்குமென்ட், கணக்கு\2025 இன்னொரு ஆர்குமென்ட் என்று இரண்டாகும். உங்கள் தாளில் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக ஒன்று இரண்டு உருப்படி இருந்தால் காரணம் பெரும்பாலும் இதுவே.

மேற்கோள் போட்டும் அப்படியே வெட்டுப்படுகிறதா? அது நேரான மேற்கோள்தானா என்று உற்றுப் பாருங்கள். வேர்டில் தட்டிய வரியிலும், ஐபோனிலிருந்து வாட்ஸ்அப்பில் வந்த வரியிலும் வளைந்த மேற்கோள் வந்துவிடும். அதை விண்டோஸ் மேற்கோளாகவே மதிக்காது, இன்னோர் எழுத்தாகத்தான் பார்க்கும். இரண்டு ஹைஃபன்கள் ஒரு நீளக்கோடாக மாறிப்போவதும் இதே வழியில்தான். வரியை நோட்பேடில் ஒட்டி, மேற்கோளையும் ஹைஃபனையும் கையால் அழித்துத் திரும்பத் தட்டுங்கள். ஒற்றை மேற்கோள் வேண்டாம். லினக்ஸில் பழகியவர்கள் அதைப் போட்டுவிடுவார்கள், விண்டோஸ் ஷார்ட்கட்டில் அதற்கு எந்தப் பொருளும் இல்லை.

அடுத்தது நல்ல அனுபவசாலிகளையும் திணறடிக்கும் ஒன்று. ஃபோல்டர் பாதையின் கடைசியில் பேக்ஸ்லாஷ் போட்டு மேற்கோளை மூடினால், அதாவது "டி:\மண்டி கணக்கு\" என்று எழுதினால், பேக்ஸ்லாஷும் மேற்கோளும் சேர்ந்து "இது மூடும் மேற்கோள் இல்லை, வெறும் எழுத்து" என்று பைத்தானுக்குப் பொருள்படும். மேற்கோள் மூடப்படாமலே போய், அடுத்து வரும் ஆர்குமென்ட்டும் இதனுடன் ஒட்டிக்கொள்ளும். தாளில் பாதையின் வாலில் ஒரு மேற்கோள் தொங்கினால் இதுதான் கோளாறு. கடைசி பேக்ஸ்லாஷை எடுத்துவிடுங்கள். எடுக்க முடியாத இடமென்றால் இரண்டாகப் போடுங்கள்.

இன்னொன்று, பிராப்பர்ட்டீஸ் ஜன்னலின் டார்கெட் பெட்டி சுமார் 260 எழுத்துகளுக்கு மேல் ஏற்காது. நீளமான பாதைகள் மூன்று நான்கு சேர்ந்தால் இதைத் தொட்டுவிடுவீர்கள். அந்த நிலைக்கு வந்தால் போராடாமல் ஒரு பேட்ச் ஃபைலில் முழுக் கட்டளையையும் எழுதி, ஷார்ட்கட்டை அந்த பேட்ச் ஃபைலுக்குப் போடுங்கள். சிஎம்டி ஒரு வரியில் 8191 எழுத்துகள்வரை தாங்கும்.

ஆர்குமென்ட்டே வரவில்லை, ஸ்கிரிப்டின் பெயர் மட்டும்தான் வருகிறது

டார்கெட்டில் பைத்தான்.எக்ஸ்இ இல்லாமல் நேராக .பிஒய் ஃபைலையே போட்டிருப்பீர்கள். அப்போது எந்த நிரலைக் கொண்டு திறப்பது என்பதை விண்டோஸ் ஃபைல் வகைப் பதிவிலிருந்து எடுத்துக்கொள்ளும். அந்தப் பதிவில் "%1" மட்டும் இருந்து கடைசியில் %* இல்லாவிட்டால், ஸ்கிரிப்டின் பெயர் போகும், மற்றதெல்லாம் வழியிலேயே விழுந்துவிடும். பைத்தானை முறையாக நிறுவினால் இது சரியாகவே இருக்கும். யாராவது 'ஓப்பன் வித்' போட்டுப் பைத்தானைத் தேர்ந்தெடுத்திருந்தால் கெட்டுப்போகும்.

அந்தப் பதிவு இருக்கும் ரெஜிஸ்ட்ரியைத் தோண்டித் திருத்தலாம். நான் அதைச் சொல்லமாட்டேன். டார்கெட்டில் பைத்தான்.எக்ஸ்இயின் முழுப் பாதையை முன்னால் போட்டுவிட்டால் அந்தப் பதிவைச் சார்ந்திருக்க வேண்டியதே இல்லை. நாளைக்கு யார் எதை மாற்றினாலும் உங்கள் ஷார்ட்கட் அசையாது. பாதை தெரியாவிட்டால் சிஎம்டியில் 'வேர் பைத்தான்' என்று தட்டுங்கள். பைத்தான் என்று தட்டினால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறக்கிறது என்றால், அது பைத்தான் அல்ல, விண்டோஸ் வைத்திருக்கும் ஒரு மாற்றுப்பெயர். செட்டிங்ஸில் 'ஆப் எக்ஸிகியூஷன் ஏலியசஸ்' என்று தேடி அதை அணைத்துவிடுங்கள்.

பைத்தான்டபிள்யூ.எக்ஸ்இ போட்டிருந்தால் சரிசெய்யும்வரை அதைப் பைத்தான்.எக்ஸ்இ ஆக மாற்றுங்கள். பைத்தான்டபிள்யூவுக்குக் கறுப்பு ஜன்னல் கிடையாது, அதனால் பிழைச் செய்தியைப் பார்க்க இடமே இல்லாமல் போகும்.

ஸ்டார்ட் இன்

ஆர்குமென்ட் எல்லாம் சரி, ஆனாலும் ஃபைல் கிடைக்கவில்லை என்கிறதா? தாளில் குறித்த ஃபோல்டரைப் பாருங்கள். "எடை.சிஎஸ்வி" என்று வெறும் பெயரை ஆர்குமென்ட்டாகக் கொடுத்தால், ஸ்கிரிப்ட் நிற்கும் ஃபோல்டரில்தான் அது தேடப்படும். ஸ்டார்ட் இன் பெட்டியில் பைத்தானின் ஃபோல்டர் இருந்தால் அங்கே தேடும், கிடைக்காது. அந்தப் பெட்டியில் "டி:\மண்டி கணக்கு" என்று போடுங்கள்.

எடைமேடைக் கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபோல்டரை நெட்வொர்க் வழியாக எடுக்கிறீர்கள் என்றால் ஒரு விஷயம். இரண்டு பேக்ஸ்லாஷில் தொடங்கும் நெட்வொர்க் பாதையை ஸ்டார்ட் இன் பெட்டியில் போட்டு பேட்ச் ஃபைலை ஓட்டினால், சிஎம்டி அதை ஏற்காமல் விண்டோஸ் ஃபோல்டருக்குப் போய் நின்றுகொள்ளும். பேட்ச் ஃபைலுக்குள் 'புஷ்டி' கட்டளை போட்டால் அந்தப் பாதைக்குத் தற்காலிகமாக ஒரு டிரைவ் எழுத்து கொடுத்து உள்ளே போகும். முடிந்ததும் 'பாப்டி'.

'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' டிக் செய்திருந்தாலும் இதே வகைத் தொல்லை வரும். பேட்ச் ஃபைல் சிஸ்டம்32 ஃபோல்டரில் போய் நிற்கும், நீங்கள் இணைத்து வைத்த இசட் டிரைவ் அங்கே தெரியவே தெரியாது. கணக்குப் போடும் ஸ்கிரிப்டுக்கு அட்மின் அதிகாரம் எதற்கு? அந்த டிக்கை எடுத்துவிடுங்கள்.

பேட்ச் ஃபைல் நடுவில் இருந்தால்

பெரும்பாலான குழப்பம் இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

பேட்ச் ஃபைல் ஸ்பேஸில் மட்டும் வெட்டுவதில்லை. காற்புள்ளி, அரைப்புள்ளி, சமக்குறி எல்லாவற்றிலும் வெட்டும். ஷார்ட்கட்டில் --மாதம்=07 என்று எழுதினால் %1 இல் --மாதம், %2 இல் 07 என்று தனித்தனியாக வரும். பைத்தானுக்கு நேராகப் போனால் ஒன்றாக இருப்பது, பேட்ச் வழியாகப் போனால் இரண்டாகிறது. மேற்கோளுக்குள் போட்டால் வெட்டாது. வந்ததையெல்லாம் அப்படியே அடுத்த நிரலுக்குத் தள்ளிவிடுவதுதான் பேட்ச் ஃபைலின் வேலை என்றால், %1 %2 என்று எழுதாமல் %* என்று எழுதுங்கள். அது வந்த வரியைப் பிரிக்காமல் தரும். ஒன்பதுக்கு மேல் ஆர்குமென்ட் இருந்தால் %10 என்று எழுதக்கூடாது, அது %1 உடன் ஒரு சுழியம் ஒட்டியதாகிவிடும். ஆர்குமென்ட்களை ஒவ்வோர் இடமாக முன்னுக்குத் தள்ளும் 'ஷிஃப்ட்' கட்டளை வேண்டும்.

%1 இல் மேற்கோளும் சேர்ந்தே வரும். அதைச் சுற்றி நீங்களும் மேற்கோள் போட்டால் இரட்டிப்பாகிக் கெடும். %~1 என்று எழுதினால் வெளி மேற்கோள் நீங்கும், பிறகு "%~1" என்று உங்கள் கையால் ஒரே ஒரு ஜோடி போட்டு அனுப்புங்கள். பேட்ச் ஃபைலுக்குள் கமிஷன் 5% என்று சதவீதக் குறி எழுத வேண்டியிருந்தால் %% என்று இரண்டாகப் போட வேண்டும், ஷார்ட்கட்டில் ஒன்று போதும்.

மாத எண்ணில் ஒரு கண்ணி இருக்கிறது. ஆர்குமென்ட்டாக வந்த 07 ஐ 'செட் /ஏ' கொண்டு கூட்டிக் கழித்தால் வேலை செய்யும். 08, 09 வந்தால் தவறான எண் என்று நின்றுவிடும். சுழியத்தில் தொடங்கும் எண்ணை சிஎம்டி எட்டடிமான எண்ணாகப் படிப்பதுதான் காரணம், அதில் 8, 9 என்ற இலக்கங்களே இல்லை. சீசன் முழுக்க ஜூலை வரை ஒழுங்காக ஓடிய ஷார்ட்கட், ஆகஸ்டில் பாக்கி தீர்க்க உட்காரும்போது நிற்கும், அக்டோபரில் தானாகச் சரியானதுபோலத் தெரியும். யாரும் எதையும் மாற்றியிருக்கமாட்டார்கள். ஷார்ட்கட்டில் 8 என்று சுழியமில்லாமல் கொடுங்கள், அல்லது கணக்கைப் பைத்தானிடம் விடுங்கள். பைத்தானில் இன்ட்("08") ஒழுங்காக 8 தரும்.

ஜன்னல் மறைந்துபோவதைத் தடுக்க டார்கெட்டில் 'சிஎம்டி /கே' போட்டு ஓட்டலாம். முடிந்த பிறகும் ஜன்னல் திறந்தே இருக்கும். ஆனால் சிஎம்டி, மேற்கோள்கள் இரண்டுக்கு மேல் இருந்தால் முதல் மேற்கோளையும் கடைசி மேற்கோளையும் உரித்துவிடும். அதற்கு ஈடாக மொத்தத்தையும் சுற்றி இன்னொரு ஜோடி போட வேண்டும்:

சிஎம்டி /கே ""டி:\மண்டி கணக்கு\தினம்.பேட்" "பெங்களூரா" "டி:\மண்டி கணக்கு\2025""

பார்க்க விகாரமாக இருக்கும், ஆனால் இதுதான் சரி.

பவர்ஷெல்

.பிஎஸ்1 ஃபைலுக்கு நேராக ஷார்ட்கட் போட்டால் அது ஓடாது, நோட்பேடில் திறக்கும். டார்கெட்டில் பவர்ஷெல்.எக்ஸ்இ, அப்புறம் -நோஎக்ஸிட், அப்புறம் -ஃபைல், ஸ்கிரிப்டின் பாதை, கடைசியில் ஸ்கிரிப்டின் ஆர்குமென்ட்கள். இந்த வரிசை முக்கியம். -ஃபைலுக்குப் பின்னால் வருவதெல்லாம் ஸ்கிரிப்டுக்கே போகும், அதனால் -நோஎக்ஸிட், -எக்ஸிகியூஷன்பாலிசி போன்றவற்றைப் பின்னால் எழுதினால் பவர்ஷெல் அவற்றைக் கவனிக்காது. -கமாண்ட் போடாதீர்கள். அது முழு வரியையும் பவர்ஷெல் மொழியாக மறுபடி படிக்கும், மேற்கோள் சிக்கல் இரட்டிப்பாகும்.

தமிழ்ப் பெயர்கள்

நம் ஊரில் ஃபோல்டரும் ரகமும் தமிழில் இருப்பது இயல்பு, இருக்கவும் வேண்டும். ஆங்கிலத்தில் மாற்றிக்கொள் என்று சொல்வது சுலபம், ஆனால் 'நீலம்' என்று திரையில் பார்த்துக் கிளிக் செய்கிற கணக்கருக்குத் தவறு நேராது. எனவே தமிழ் ஏன் கெடுகிறது என்பதைத் தெரிந்துகொள்வோம்.

ஷார்ட்கட்டிலிருந்து பைத்தான் 3க்குப் போகும் தமிழ் ஆர்குமென்ட் பொதுவாகக் கெடுவதில்லை. கறுப்பு ஜன்னலில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அது எழுத்துருக் குறைதான், உள்ளே சொல் முழுதாகவே இருக்கும். சந்தேகமென்றால் வந்ததை யூடிஎஃப்-8 (தமிழ் எழுத்துகளையும் சேமிக்கும் முறை) ஃபைலில் எழுதி நோட்பேடில் திறந்து பாருங்கள்.

பேட்ச் ஃபைலுக்குள்ளேயே தமிழ் எழுதியிருந்தால் மேலே சிஎம்டியை யூடிஎஃப்-8க்கு மாற்றும் 'சிஎச்சிபி 65001' வரி வேண்டும், ஃபைலை பிஓஎம் (ஃபைலின் தொடக்கத்தில் நிற்கும், கண்ணுக்குத் தெரியாத குறி) இல்லாத யூடிஎஃப்-8 ஆகச் சேமிக்க வேண்டும். விண்டோஸுடன் வரும் பவர்ஷெல் 5.1க்கு இதற்கு நேர்மாறு: தமிழ் உள்ள .பிஎஸ்1 ஃபைலை பிஓஎம் உள்ள யூடிஎஃப்-8 ஆகச் சேமித்தால்தான் படிக்கும்.

இனி, பார்வைக்குத் தெரியவே தெரியாத ஒன்று. 'மல்கோவா' என்ற சொல்லில் 'கோ' இருக்கிறது. யூனிகோடில் அதை இரண்டு விதமாக எழுதலாம்: க வுடன் ஓகாரக் குறி ஒன்றாக, அல்லது க வுடன் ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு இரண்டும் வேறு. ஷார்ட்கட்டில் ஒரு விசைப்பலகையில் தட்டி, எடை ஃபைலில் வேறு விசைப்பலகையில் தட்டியிருந்தால், ஸ்கிரிப்ட் ஒப்பிட்டுப் பார்த்து மல்கோவா ஒரு கிலோகூட வரவில்லை என்று சொல்லிவிடும். மற்ற மூன்று ரகங்களும் சரியாக வரும், ஏனென்றால் பெங்களூரா, செந்தூரா, நீலம் ஆகிய சொற்களில் இப்படி இரண்டாக உடையும் குறி இல்லை. ஒரு ரகம் மட்டும் காணாமல் போனால் நினைவில் வரவேண்டியது இதுதான். பைத்தானில் யூனிகோட்டேட்டா என்ற தொகுப்பின் நார்மலைஸ் செயலை, உடைந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி முறையில், இரண்டு பக்கச் சொல்லுக்கும் போட்டுவிட்டு ஒப்பிடுங்கள்.

ஃபைலை இழுத்து ஷார்ட்கட்டின் மேல் போடும்போது

எடை ஃபைலை இழுத்து ஷார்ட்கட்டின் மேல் விட்டால், ஏற்கெனவே உள்ள ஆர்குமென்ட்களுக்குக் கடைசியில் அந்த ஃபைலின் பாதை சேரும். அதனால் ஸ்கிரிப்டில் ஃபைல் பெயரைக் கடைசி ஆர்குமென்ட்டாக வைத்துக்கொள்ளுங்கள். பாதையில் ஸ்பேஸ் இருந்தால்தான் விண்டோஸ் மேற்கோள் போடும். "மா&புளி.சிஎஸ்வி" என்று ஸ்பேஸே இல்லாமல் & மட்டும் இருந்தால் மேற்கோள் வராது, பேட்ச் ஃபைலுக்குப் போகும்போது & வரும் இடத்தில் துண்டாகி மீதியைத் தனிக் கட்டளையாக ஓட்டப் பார்க்கும். ஷார்ட்கட் நேராகப் பைத்தான்.எக்ஸ்இக்கு இருந்தால் இந்தச் சிக்கல் இல்லை.

லினக்ஸில்

அரசு கொடுத்த பழைய மடிக்கணினிகளில் பாஸ் லினக்ஸோ, பிறகு போட்ட உபுண்டுவோ இருந்தால், ஷார்ட்கட் என்பது .டெஸ்க்டாப் என்று முடியும் ஒரு சாதாரண உரை ஃபைல். அதில் 'எக்ஸெக்=' வரியில்தான் கட்டளை இருக்கும். அந்த வரியை ஷெல் படிப்பதில்லை, எனவே ~ குறியும் $ஹோம் போன்றவையும் விரியாது, > | && எதுவும் வேலை செய்யாது. முழுப் பாதை கொடுங்கள். அவை கட்டாயம் தேவையென்றால் 'எஸ்எச் -சி' வழியாக ஓட்டுங்கள். சதவீதக் குறிக்கு இங்கே தனிப் பொருள் உண்டு: %எஃப் என்பது இழுத்துப் போட்ட ஃபைல். வெறும் சதவீதம் வேண்டுமென்றால் %%. ஃபோல்டருக்கு 'பாத்=', ஜன்னல் தெரிய 'டெர்மினல்=ட்ரூ'. கிளிக் செய்தும் அசையாவிட்டால் ரைட் கிளிக் செய்து 'அலோ லாஞ்சிங்' கொடுத்துப் பாருங்கள்.

ஸ்கிரிப்டின் பக்கம் செய்ய வேண்டியது

இதை நான் வற்புறுத்தியே சொல்வேன். ஆர்குமென்ட் வராவிட்டால் ஸ்கிரிப்ட் தானாக ஒரு ரகத்தை வைத்துக்கொண்டு ஓடக்கூடாது. பெங்களூராவுக்கும் மல்கோவாவுக்கும் விலை ஒன்றல்ல. ஒருவர் தோட்டத்துக் காய்க்கு வேறு ரகத்தின் விலையில் சீட்டு எழுதப்பட்டால் அதைக் கண்டுபிடிப்பதற்குள் வண்டி ஊர் போய்ச் சேர்ந்திருக்கும். எத்தனை ஆர்குமென்ட் வர வேண்டுமோ அத்தனை வந்ததா, ரகத்தின் பெயர் தெரிந்த பட்டியலில் இருக்கிறதா, ஃபோல்டர் உண்மையில் இருக்கிறதா என்று தொடக்கத்திலேயே பாருங்கள். இல்லையென்றால் 'ரகத்தின் பெயர் வரவில்லை, வந்தது இதுதான்' என்று தமிழில் காட்டி நிற்க வையுங்கள். ஆர்குமென்ட்களைச் சரிபார்க்கும் பைத்தானின் ஆர்க்பார்ஸ் தொகுப்பு இதில் பாதி வேலையைச் செய்துதரும். ஓடத் தொடங்கியதும் 'ரகம்: செந்தூரா' என்று ஒரு வரி திரையில் வந்தால் கணக்கரே தவறைப் பிடித்துவிடுவார்.

எல்லாம் சரியானதும் சோதனை நகலை அழியுங்கள், /கே போட்ட இடத்தில் /சி போடுங்கள், வேலை முடிந்ததும் ஜன்னல் மூடிக்கொள்ளும். சோதனை ஸ்கிரிப்டை மட்டும் அதே ஃபோல்டரில் விட்டுவையுங்கள். ஷார்ட்கட்டை வேறு கம்ப்யூட்டருக்கு எடுத்துப் போனால் பைத்தானின் பாதை மாறியிருக்கும், ஒன்டிரைவ் டெஸ்க்டாப்பைத் தன் ஃபோல்டருக்குள் இழுத்து வைத்திருக்கலாம், டி டிரைவே இல்லாமலும் இருக்கலாம். அங்கே போனதும் முதலில் சோதனை ஸ்கிரிப்டை ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு அசலை ஓட்டுங்கள்.